சித்திரக்கதை நாயகர்களின் பூர்வீகத்தை எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சித்திரக்கதை நாயகரின் தோற்றம் என்று சொல்லும்போது அதில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. கதைக்குள் அவர் எங்கே, எப்படிப் பிறந்தார் என்பது ஒன்று. எந்த நாட்டில், எந்த ஆண்டில், என்ன தேவைக்காக யார் அவரைப் படைத்தார்கள் என்பது மற்றொன்று. சூப்பர்மேனைப் போல உலகறிந்தவர்கள் விஷயத்தில் இவை குழம்புவதில்லை. அதிகம் பேசப்படாத நாயகர்களைப் பற்றி எழுதப்படும் குறிப்புகளில்தான் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, பிழைகள் கைமாறிக்கொண்டே போகின்றன.

தமிழில் இதற்கு முதல் காரணம் பெயரை நம்புவது. மாயாவி என்ற பெயரில் நமக்கு அறிமுகமானவர்கள் இருவர். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962இல் தொடங்கிய தொடருக்குச் சொந்தக்காரர். லூயிஸ் கிராண்டேல் என்னும் ஆய்வக உதவியாளரான அவர் விபத்தில் இழந்த வலது கைக்குப் பதிலாக இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கையைத் தவிர மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். அவரை வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர். ராணி காமிக்ஸில் வந்த முகமூடி வீரர் மாயாவியோ, அமெரிக்கரான லீ ஃபாக் 1936 பிப்ரவரி 17 அன்று நாளிதழ்த் தொடராகத் தொடங்கிய ஃபேன்டம். அவருக்கு மறையும் சக்தி மட்டுமல்ல, எந்த அமானுஷ்ய சக்தியும் கிடையாது. தந்தைக்குப் பின் மகன் என்று முகமூடி கைமாறுவதால்தான் அவர் சாகாதவராகத் தோன்றுகிறார்.

ஸ்பைடரின் கதையும் இப்படித்தான். 1965இல் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில் அறிமுகமாகி, பின்னர் லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த ஸ்பைடருக்கும் அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் எந்த உறவும் இல்லை. குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்ற ஆசையோடு வந்தவர் அவர். டெட் கோவன் தொடங்கிய இந்தத் தொடரைப் பிறகு எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது பலர் கவனிக்கத் தவறிய செய்தி. இரும்புக்கை மாயாவியும் தொடக்கக் கதையில் குற்றவாளியே. ஆகவே, பிற்காலக் கதைகளை மட்டும் படித்துவிட்டு ‘நீதிக்காகவே பிறந்தவர்’ என்று எழுதுவது பொருந்தாது.

மொழிபெயர்ப்புப் பதிப்பையே மூலமாகக் கொள்வது இதைவிட நுட்பமான தவறு. ஃபேன்டம் வாழும் நாட்டின் பெயர் டெங்காலி என்று நம்மில் பலர் உறுதியாகச் சொல்வோம். மூலத்தில் அது பெங்காலா. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், இந்திய வாசகர்களை மனத்தில் கொண்டு நாட்டின் பெயரை மாற்றியது. ஃபேன்டமின் பகைவர்களான கடற்கொள்ளையருக்குச் சிங் என்றிருந்த பெயரையும் சிங்கா ஆக்கியது. இந்தியப் பதிப்பை மட்டும் வைத்து எழுதுபவர், பதிப்பாசிரியரின் கைவண்ணத்தைப் படைப்பாளியின் கற்பனை என்று நினைத்துவிடுகிறார்.

சாயலைக் கண்டவுடன் நகல் என்று தீர்ப்பளிப்பது மற்றொரு பழக்கம். பிலிப்பைன்ஸின் டார்னாவை ‘அந்நாட்டு வொண்டர் வுமன்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உடையில் சாயல் இருப்பது உண்மைதான். ஆனால் நார்தா என்னும் கிராமத்துச் சிறுமி ஒரு வெள்ளைக் கல்லை விழுங்கி, பெயரைக் கூவியதும் வீராங்கனையாக மாறுவது வொண்டர் வுமன் கதையில் இல்லாத ஒன்று. அவளைப் படைத்த மார்ஸ் ராவெலோ 1947இல் ஓர் இதழில் வார்கா என்ற பெயரில்தான் முதலில் வெளியிட்டார். அந்த இதழைவிட்டு அவர் விலகியபோது பெயரின் உரிமை இதழிடமே தங்கிவிட்டதால், 1950இல் நெஸ்டர் ரெடோண்டோவின் ஓவியத்தோடு அவள் டார்னாவாகத் திரும்பி வந்தாள். இந்தப் பெயர் மாற்றத்தைச் சொல்லாமல் டார்னாவின் தோற்றத்தை எழுதுவது, என் பார்வையில், பாதிக் கதையை விட்டுவிடுவதாகும். நகல் என்று தயங்காமல் சொல்லத்தக்கவரும் உண்டு: 1953இல் வழக்கின் விளைவாக அமெரிக்காவில் கேப்டன் மார்வெல் நிறுத்தப்பட, அதை மறுபதிப்பு செய்துவந்த பிரிட்டிஷ் பதிப்பாளருக்காக மிக் ஆங்லோ 1954இல் உருவாக்கிய மார்வெல்மேன்.

‘முதல்’ என்ற சொல்லை எழுதுமுன் இரண்டு முறை யோசிப்பது நல்லது. 1941 ஆகஸ்டில் கனடாவில் ஏட்ரியன் டிங்கிள் படைத்த நெல்வானா, வொண்டர் வுமனுக்குச் சில மாதங்கள் மூத்தவள். போர்க்கால அந்நியச் செலாவணிச் சிக்கனத்துக்காக அமெரிக்கச் சித்திரக்கதைகளின் இறக்குமதியைக் கனடா தடை செய்ததால்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. எனினும் உலகின் முதல் பெண் சூப்பர் ஹீரோ அவளே என்று எழுதினால், 1940இலேயே வந்துவிட்ட அமெரிக்க ஃபேன்டோமா குறுக்கே நிற்பாள். நெல்வானாவை வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் தெய்வம் என்று சொல்வதும் சரியன்று. ஓவியர் ஃபிரான்ஸ் ஜான்ஸ்டன் வடக்கிலிருந்து கொண்டுவந்த கதையொன்றை டிங்கிள் தம் விருப்பப்படி மாற்றி வளர்த்த பாத்திரம் அது. சூப்பர்மேன் அறிமுகமான இதழின் அட்டையில் 1938 ஜூன் என்று இருந்தாலும் அது ஏப்ரலிலேயே கடைக்கு வந்துவிட்டது. ஆகவே, மாதக் கணக்கில் ஒப்பிடுபவர்கள் இரு நாயகர்களுக்கும் ஒரே வகைத் தேதியைக் கொள்ள வேண்டும். ஜப்பானின் ஓகோன் பாட், அதாவது தங்க வௌவால், 1930களின் தொடக்கத்திலேயே சிறுவர்களைக் கவர்ந்தவர். ஆனால் அவர் அச்சுப் புத்தகத்தில் பிறக்கவில்லை. மிட்டாய் விற்பவர்கள் தெருவோரத்தில் அட்டைப் படங்களைக் காட்டிக் கதை சொன்ன கமிஷிபாயில் பிறந்தார்.

கதை நடக்கும் நாட்டையே படைப்பின் நாடாகக் கொள்வதற்குக் காலிமான் நல்ல எடுத்துக்காட்டு. தலைப்பாகையும் காளியின் வம்சம் என்ற பெருமையும் கொண்ட இவரை இந்தியப் படைப்பு என்று எண்ணத் தோன்றும். ஆனால் அவர் 1963இல் மெக்ஸிகோவில் வானொலி நாடகமாகத் தொடங்கி, 1965இல் சித்திரக்கதைக்கு வந்தவர். அதேபோல் 1975இல் நைஜீரிய வாசகர்களுக்காக வெளிவந்த பவர்மேன் ஆப்பிரிக்க நாயகரானாலும், அவரை மாறிமாறி வரைந்த டேவ் கிப்பன்ஸும் பிரையன் போலண்டும் பிரிட்டனைச் சேர்ந்த இளம் ஓவியர்கள். அதே கதைகள் பின்னர் பிரிட்டனில் வெளியானபோது, அவருடைய பெயர் பவர்போல்ட் என்று மாற்றப்பட்டிருந்தது.