ஜனவரியில் எடுத்த தீர்மானம் ஜூலையிலும் நிற்க

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து, வாக்குத்தத்த அட்டையோடு வீடு திரும்பும்போது, இந்த வருஷம் வேதாகமம் முழுவதையும் வாசித்துவிட வேண்டும் என்று தீர்மானிக்காதவர் குறைவு. மனம் உண்மையாகத்தான் சொல்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 66 ஆகமங்கள், 1,189 அதிகாரங்கள். ஆதியாகமத்தில் தொடங்கி நாளுக்கு மூன்று என்று போனால் ஜனவரி 17-இல் ஆதியாகமம் முடியும். 25-ஆம் தேதி யாத்திராகமம் 25-க்கு வந்திருப்பீர்கள்: உடன்படிக்கைப் பெட்டியின் நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை முழம். 31-ஆம் தேதி லேவியராகமம். தைப்பூச விடுமுறையும் சீனப் பெருநாளும் இந்த வாரங்களை ஒட்டியே வருகின்றன. வீட்டில் நேரம் மாறுகிறது, விருந்தாளி வருகிறார்கள், பிள்ளைகள் தூங்கி எழும் நேரம் தள்ளிப்போகிறது. பலருடைய வாசிப்பு நின்றுபோவது இங்கேதான். விசுவாசம் குறைந்து அல்ல, தூக்கிய பாரம் கைக்கு அடங்காமல்.

அளவு எப்படி இருக்க வேண்டும் என்பதை ரப்பர் மரம் சீவும் கையே சொல்லும். நல்ல சீவுகாரர் ஒரு வெட்டுக்குப் பட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் எடுப்பார். கத்தி பழைய கோட்டின் மேலேயே வழுக்கி இறங்கும், பட்டை சுருளாகக் கீழே விழும், பால் கோட்டு வழியே ஓடி மங்குக் கிண்ணத்தில் சொட்டும். கூடுதல் பால் வேண்டும் என்று ஆழமாக இறக்கினால் பட்டைக்கு உள்ளே இருக்கும் உயிருள்ள படலத்தில் காயம் படும். ஆறிய இடம் முண்டும் முடிச்சுமாக எழும்பும். சில வருஷம் கழித்து அந்தப் பக்கம் திரும்பச் சீவ வரும்போது கத்தி ஓடாது. ஆவிக்குரிய தீர்மானங்களில் அதிகம் நடப்பது இந்த ஆழ வெட்டுதான். முதல் வாரம் ஒரு மணி நேர ஜெபம், மூன்றாம் வாரம் ஒன்றுமில்லை, அதற்குப் பிறகு ‘நமக்கு இதெல்லாம் வராது’ என்று மனதில் விழுந்துவிடும் முடிச்சு.

ஆகவே முதல் 13 வாரத்துக்கு இந்த அளவை வையுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம். முதலில் மாற்கு, 16 அதிகாரம். அடுத்து யோவான், 21. அதன் பின் அப்போஸ்தலர் நடபடிகள், 28. கூட்டினால் 65, வாரம் ஐந்து என்றால் சரியாக 13 வாரம். இதே நடையில் போனால் புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரங்களும் 52 வாரத்தில் முடியும். வாய்விட்டு வாசிக்க ஓர் அதிகாரத்துக்கு ஐந்து முதல் ஏழு நிமிஷம் ஆகும். மாற்கு 14-இலும் யோவான் 6-இலும் எழுபதுக்கு மேல் வசனங்கள் இருப்பதால் அவற்றைக் காலை, மாலை என்று பிரித்துக்கொள்ளலாம். வாசித்ததிலிருந்து ஒரே ஒரு வசனத்தைப் பிடித்து மூன்று நிமிஷம் ஜெபியுங்கள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆர்வம் பொங்கினாலும் முதல் மாதத்தில் இதைக் கூட்ட வேண்டாம்.

எந்த நேரம்?

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா), சுங்கை சிப்புட், பாகான் செராய் போன்ற ஊர்களில் ஒரே வீட்டுக்குள் மூன்று கடிகாரம் ஓடுகிறது. அப்பா விடியுமுன் பெரட்டுக்கு, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிறார். அக்காவைத் தொழிற்சாலை பஸ் ஏற்றிக்கொண்டு போகிறது, இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. தம்பி பள்ளிக்கு. இவர்கள் எல்லாருக்கும் ‘காலை ஐந்து மணி’ என்று ஒரே விதி வைத்தால் இரவு ஷிப்ட்காரர் இரண்டே வாரத்தில் தோற்றுப்போவார். மணியோடு கட்டாதீர்கள், நாள் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு கட்டுங்கள். கோப்பிக்குத் தண்ணீர் அடுப்பில் வைத்ததும். வேலை முடிந்து வந்து குளித்ததும். பஸ்ஸில் உட்கார்ந்து கைப்பேசியில் வேறு எதையும் திறக்குமுன். பஸ்ஸில் வெளிச்சம் இல்லையென்றால் ஒலி வேதாகமத்தில் அன்றைய அதிகாரத்தைக் கேட்கலாம், அதுவும் வாசிப்புதான். வேதாகமத்தை முந்தின இரவே அந்த இடத்தில், கோப்பித்தூள் டின் பக்கத்தில், எடுத்து வைத்துவிடுங்கள். அலமாரியில் தேடவேண்டி வந்தால் அதற்குள் பஸ் வந்துவிடும்.

தீர்மானத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். ‘இன்னும் அதிகமாக ஜெபிப்பேன்’ என்று எழுதினால் செய்தீர்களா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, உங்களாலும்தான். ‘தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் சமையலறை மேசையில் ஓர் அதிகாரம்’ என்று எழுதினால், பெரட்டில் மண்டோர் (மேற்பார்வையாளர்) பேர் போடுவது போல, உண்டு அல்லது இல்லை என்று குறித்துவிடலாம். குறிப்பதற்கு மளிகைக் கடையில் கொடுத்த பெரிய காலண்டரே போதும். முடிந்த நாளின் கட்டத்தில் பென்சிலால் அதிகாரத்தின் எண்ணை எழுதுங்கள். தனியே ஒரு நோட்டில் தேதி, அதிகாரம், பிடித்த வசனத்தைப் பற்றி ஒரு வரி. ஒரு வரிக்கு மேல் வேண்டாம். பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கிய நோட்டுகள் சீக்கிரம் மூடிவிடுகின்றன.

மழை நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும். மழையில் சீவு வேலை நின்றுவிட்டால் நாள் முழுக்க ஓய்வு. வாசிக்க எவ்வளவு நேரம் என்று நினைப்போம். உண்மையில் அதிகம் தவறிப்போவது அந்த நாளில்தான். வழக்கம் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது, வேலை இல்லாதபோது அதுவும் அவிழ்ந்துவிடுகிறது. விடுமுறையும் அப்படியே. ஆகவே அந்த நாட்களுக்கு ஒரு மாற்று முடிச்சு இப்போதே எழுதி வையுங்கள்: ‘வேலை இல்லாத நாளில், பசியாறு முன்.’

தவறிய பின்

தவறும். அது எல்லாருக்கும் நடக்கும். கெடுதல் செய்வது தவறிய நாள் அல்ல, அதற்கு அடுத்த நாள். ஒரு நாள் விட்டால் சனிக்கிழமை பிடித்துக்கொள்ளலாம். ஒரு வாரம் விட்டால், ஐந்து அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துக் கடனை அடைக்கப் பார்க்காதீர்கள். நின்ற இடத்திலிருந்து இன்றைக்கு ஒன்று மட்டும். 13 வாரம் 15 வாரமாகட்டும், யாருக்கு நஷ்டம்? எருசலேம் இடிந்து கிடக்கும்போது எழுதப்பட்ட புலம்பல் புத்தகத்தில்தான், கர்த்தருடைய இரக்கங்கள் ‘காலைதோறும் புதியவைகள்’ என்ற வார்த்தை இருக்கிறது (3:23). நேற்றைய பாக்கியைக் கட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று அங்கே எழுதவில்லை.

ஒரு நாளும் தவறாமல் போனால், இந்தத் திட்டத்தில் பத்தாம் வாரம் வெள்ளிக்கிழமை நடபடிகள் 13 வரும். 13-ஆம் வசனத்தில் நிதானியுங்கள். பெர்கே ஊருக்கு வந்ததும் யோவான் என்பவன் பவுலையும் கூட்டத்தையும் விட்டு எருசலேமுக்குத் திரும்பிப் போய்விடுகிறான். இவன்தான் மாற்கு என்று பேர்கொண்ட யோவான் (12:12). ஏன் போனான் என்று வேதம் சொல்லவில்லை. அடுத்த வாரம் வாசிக்கும் 15-ஆம் அதிகாரத்தில், விட்டு ஓடியவனை மறுபடி கூட்டிப்போகமாட்டேன் என்கிறார் பவுல். பவுலோடு ஊழியம் செய்த பர்னபா அவனை விடவில்லை. பவுலைவிட்டுப் பிரிந்து, மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறுகிறார். நீங்கள் முதல் நாள் திறந்த சுவிசேஷத்தை எழுதியவர் இந்த மாற்குதான் என்பது சபையின் ஆதிகாலப் பாரம்பரியம்.

அப்படி ஒரு பர்னபா உங்களுக்கும் வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், ஒரே ஒருவர். வாரம் ஒரு முறை 15 நிமிஷம், கைப்பேசியிலும் பேசலாம். மூன்று கேள்வி போதும்: எத்தனை நாள் வாசித்தாய்? எந்த வசனம் நின்றது? எந்த இடத்தில் விழுந்தாய்? பதிலுக்குப் பிரசங்கம் செய்யாமல், ஜெபித்துவிட்டு முடிக்க வேண்டும். கேட்டது வெளியே போகவே கூடாது. சின்ன ஊரில் இது கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய காரியம். ‘தங்கச்சி வீட்டுக்காக ஜெபிச்சுக்குங்க’ என்று வாட்ஸாப் குழுவில் போட்ட ஒரு வரி மாலைக்குள் பசார் மாலாம் (இரவுச் சந்தை) வரைக்கும் போய்விடும். அதற்குப் பிறகு அந்தத் தங்கச்சி யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். ஆவியில் உண்மையுள்ளவன் காரியத்தை அடக்குகிறான் என்கிறது நீதிமொழிகள் 11:13.

குடும்ப ஜெபத்தை இரவுச் சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். சாப்பிட்ட பின் என்றால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், பெரியவர்கள் தொடருக்கு உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், பெரியவர் ஜெபம் மூன்று நிமிஷம். மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்துத் தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு ஐந்து வசனம் கொடுத்து, திருத்தாமல் முடிக்க விடுங்கள். சங்கீதம் 117-க்கு இரண்டே வசனம், அங்கிருந்து தொடங்கலாம். வீட்டில் நீங்கள் மட்டுமே கிறிஸ்தவர் என்றால் சத்தமில்லாத பத்து நிமிஷம் போதும். அம்மாவின் சாமி மேசையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். பாத்திரம் கழுவிக் கொடுப்பது அங்கே அதிகம் பேசும்.

உபவாசம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெயிலில் நீளக்கோல் அரிவாளோடு செம்பனைக் குலை வெட்டுகிறவர் வேலை நாளில் தண்ணீர் இல்லாமல் இருக்கக் கூடாது. தலை சுற்றினால் ஆபத்து அவருக்கு மட்டும் அல்ல. ஓய்வு நாளில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டு, அந்தக் காசை இல்லாதவருக்குக் கொடுங்கள். ஏசாயா 58:7 கேட்பதும் பசியுள்ளவனோடு ஆகாரத்தைப் பகிர்வதைத்தான். இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்காமல் ஒரு வேளையும் விட வேண்டாம்.

குடியை விடத் தீர்மானித்தவருக்கு மிகக் கடினமான நேரம் சம்பள நாள் மாலை. சம்பளம் வங்கியில் ஏறியதும் வீட்டுச் செலவை மனைவியின் கணக்குக்கு மாற்றிவிட்டு, கடை இல்லாத வழியாக வீட்டுக்கு வாருங்கள். ஐந்து மணி முதல் எட்டு மணி வரை உங்கள் பர்னபா கூடவே இருக்கட்டும். பல வருஷமாகத் தினமும் அதிகம் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் கிளினிக் போய் டாக்டரிடம் சொல்லுங்கள். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

இன்னொன்று. அடி வாங்கும் பெண்ணிடம் ‘பொறுமையாய் இரு, ஜெபி’ என்று சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது பொறுமையைக் கற்பிப்பது ஆகாது. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்புத் தருகிறது. போலீஸில் புகார் கொடுக்கலாம், தாலியான் காசே என்னும் அரசாங்க உதவி எண் 15999-க்கு அழைக்கலாம். சபையார் செய்ய வேண்டியது கூடப் போவது.

13-ஆம் வாரக் கடைசியில் நடபடிகள் 28 முடியும். மறுநாள் சனிக்கிழமை நீங்களும் உங்கள் பர்னபாவும் சேர்ந்து உட்கார்ந்து 2 தீமோத்தேயு 4:11-ஐ வாசியுங்கள். பெர்கேயில் விட்டுப் போனவனை, காவலில் இருக்கும் பவுல் பேர் சொல்லிக் கேட்டனுப்புகிறார்: ‘மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்.’ அந்த வசனத்தை நோட்டில் எழுதி, பக்கத்தில் நீங்கள் மாற்கு 1 வாசித்த தேதியைப் போடுங்கள். பிறகு திங்களுக்கு ரோமர் 1 என்று குறித்து, வேதாகமத்தைக் கோப்பித்தூள் டின் பக்கத்தில் வையுங்கள்.