சமுதாய வானொலி நடத்த முன்வரும் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வானலைகள் பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஊடகச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்ட இந்திய மக்கள் அமைப்புகளுக்குப் பெரும் பிடிமானமாக அமைந்தது. ஆயினும் அந்தச் சொத்தில் பங்கு கேட்ட கிராம மக்கள் வெகுகாலம் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் சமுதாய வானொலி, அதாவது ஒரு சிறு வட்டாரத்து மக்களுக்கான லாபநோக்கற்ற வானொலி, நடத்த அனுமதி கிடைத்து, 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. தொண்டு அமைப்புகளுக்கு வழி திறந்தது 2006 நவம்பரில்தான். இவ்வளவு காத்திருந்து பெற்ற உரிமையை நல்ல நோக்கமுள்ள குழுக்களே கைநழுவ விடுவதைக் காணும்போது மனம் வருந்துகிறது.

உரிமம் கைக்கு வந்த பிறகுதான் வேலை தொடங்கும் என்று எண்ணுவது முதல் தவறு. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேடக் மாவட்டத்தில், ஜகீராபாத்தை அடுத்த மாச்சனூரில் சங்கம் வானொலிக்கான நிலையம் 1998இலேயே தயாராகிவிட்டது. உரிமமோ கிடைக்கவில்லை. அதை நடத்த முன்வந்த தலித் பெண்கள் அந்தப் பத்தாண்டுகளையும் வீணே கழிக்கவில்லை. விதைகள், சிறுதானிய வேளாண்மை, பாட்டு, பேச்சு என்று தங்களிடம் இருந்தவற்றையெல்லாம் ஒலிநாடாக்களில் பதிவுசெய்து, ஊர்ச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபர் 15 அன்று ஒலிபரப்பு தொடங்கியபோது அவர்களிடம் பழகிய குரல்களும் பழகிய கேட்பவர்களும் இருந்தார்கள். அந்த நிலையத்தைத் தொடங்கிவைத்தவர், 1995 தீர்ப்பை எழுதியவர்களுள் ஒருவரான நீதிபதி பி.பி.சாவந்த் என்பது நினைவில் வைக்கத் தக்கது.

அந்தப் பெண்கள் தங்கள் ஊர்த் தெலுங்கிலேயே பேசினார்கள். நம்மிடையே பல குழுக்கள், உழைக்கும் பெண் ஒருவரை ஒலிவாங்கி முன் அமர்த்திய உடனேயே, ‘கொஞ்சம் நல்ல தமிழில் சொல்லுங்கள்’ என்று திருத்தத் தொடங்கிவிடுகின்றன. திருத்தப்பட்டவர் அடுத்த முறை வருவதில்லை. வந்தாலும் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டுப் போகிறார்.

குரல் கொடுப்பவர்களே முடிவும் எடுக்கிறார்களா என்பதையும் கவனிக்க வேண்டும். உள்ளடக்கத்தை முடிவுசெய்யும் குழுவில் ஊர் மக்கள் இடம்பெற வேண்டும் என்று விதிமுறைகளே எதிர்பார்க்கின்றன. அதைத் தாளில் பெயர் நிரப்பும் சடங்காக்கிவிட்டு, எதை ஒலிபரப்புவது, பணத்தை எதற்குச் செலவிடுவது என்பவற்றை அலுவலகத்தில் சிலர் மட்டும் முடிவுசெய்தால், அது மக்களுக்காக நடத்தப்படும் வானொலியாக இருக்கலாம். மக்கள் நடத்தும் வானொலியாக இராது.

இன்னொரு தவறு அச்சத்திலிருந்து பிறப்பது. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்பக் கூடாது என்பது விதி. நாளிதழுக்கும் தொலைக்காட்சிக்கும் இல்லாத இந்தத் தடை நியாயமற்றது என்பதே என் உறுதியான கருத்து. அதை நீக்கக் கோருவதும் ஊடகச் சீர்திருத்தப் பணியின் ஒரு பகுதியே. ஆனால் தடைக்கு அஞ்சி, சமையல் குறிப்பிலும் திரைப்பாட்டிலும் ஒதுங்கிவிடுவது தேவையற்றது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்று விளக்குவதும், மே 1 அன்று கிராம சபை கூடும் என்று நினைவூட்டுவதும், பட்டா மாறுதலுக்கு எங்கே மனுக் கொடுப்பது என்று சொல்வதும் செய்தி அல்ல, உரிமைக் கல்வி.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. சாதிக் கொடுமைக்கோ குடும்ப வன்முறைக்கோ ஆளானவரின் சொற்களைப் பதிவுசெய்து, பெயரை மட்டும் மாற்றி ஒலிபரப்பினால் போதும் என்று சில குழுக்கள் நம்புகின்றன. 100 வாட் ஆற்றலில் இயங்கும் நிலையத்தின் அலை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் முடிந்துவிடும். அதற்குள் வாழ்பவர்களுக்குப் பெயரே தேவையில்லை, முதல் வாக்கியத்திலேயே குரலை அடையாளம் கண்டுகொள்வார்கள். கொடுமை செய்தவரும் அந்தச் சுற்றளவுக்குள்தான் இருக்கிறார். ஆகவே பேசியவருக்கு முழுப் பதிவையும் போட்டுக் காட்டி, யார் யார் கேட்கக்கூடும் என்று எடுத்துச் சொல்லி, கடைசி நிமிடத்தில் அவர் வேண்டாம் என்றாலும் மறுபேச்சின்றி நிறுத்திவிட வேண்டும். தேவையானால் வேறொருவர் குரலில் சொல்லலாம். அப்போதும் இடத்தையும் உறவுமுறையையும் மாற்றாவிட்டால் பயனில்லை.

பணத்தைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்லலாம். ஒரே கொடையாளரையோ அரசு விளம்பரத்தையோ மட்டும் நம்பியிருக்கும் நிலையம், அந்தப் பணம் தாமதமாகும் மாதத்தில் வாயடைத்துப் போகும்.

தனியாக நிற்பதும் தவறே. 2012இல் அலைவரிசைக் கட்டணம் ஆண்டுக்கு 19,700 ரூபாயிலிருந்து 91,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு கிராமத்து நிலையம் மட்டும் மனு அனுப்பியிருந்தால் அது கோப்புக்குள் உறங்கியிருக்கும். நாடெங்கும் உள்ள நிலையங்கள் ஒன்றாக எதிர்த்த பிறகே உயர்வு கைவிடப்பட்டது. தங்கள் ஊர் நிகழ்ச்சிகளில் மூழ்கி மற்ற நிலையங்களோடு தொடர்பற்றிருக்கும் குழுக்கள், அடுத்த விதி மாற்றம் வரும்போது அதை வெகு தாமதமாகவே அறிய நேரும்.