இத்தாலிய உருபுகள்: 'இல்'லுக்கு 'இன்' போட்டு மாட்டிக்கொண்டவனின் குறிப்பு

இத்தாலிய மொழி படித்த முதல் மூன்று மாதம் என் கணக்கு ரொம்ப எளிது. தமிழில் 'இல்' வந்தால் 'இன்', 'க்கு' வந்தால் 'அ'. அதனால் ரோமில் இருக்கிறேன் என்பதற்கு 'சோனோ இன் ரோமா' என்றும், இத்தாலிக்குப் போகிறேன் என்பதற்கு 'வாடோ அ இத்தாலியா' என்றும் எழுதினேன். இரண்டுமே தப்பு. நோட்டு முழுக்கச் சிவப்பு மை.

நீங்கள் அங்கே இருக்கிறீர்களா, போகிறீர்களா என்பது இத்தாலியனுக்கு முக்கியமில்லை. எந்த மாதிரி இடம் என்பதுதான் கேள்வி. ஊர் என்றால் 'அ': சோனோ அ ரோமா, வாடோ அ ரோமா. நாடு, மாநிலம், பெரிய தீவு என்றால் 'இன்': இன் இத்தாலியா, இன் தொஸ்கானா, இன் சிசிலியா. காப்ரி மாதிரிச் சின்னத் தீவு ஊர்க் கணக்கில் சேரும்: அ காப்ரி. ஆகவே வினையை விட்டுவிட்டு, பின்னால் வரும் பெயரைப் பாருங்கள். வீடு 'அ காஸா', வங்கி 'இன் பாங்கா', சினிமா 'அல் சினெமா' ('அல்' என்பது 'அ'வின் ஒட்டு வடிவம், கீழே வரும்). இதற்கெல்லாம் காரணம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நோட்டில் இடப்பெயரைத் தனியாக எழுதாமல் உருபோடு சேர்த்தே எழுதுங்கள். எனக்குப் பலித்தது அது ஒன்றுதான்.

அப்புறம் 'டா'. எல்லாரும் இதைப் பார்த்துப் பயப்படுவார்கள். எனக்கு இதுதான் பிடித்தது, ஏனென்றால் இங்கே தமிழ் கைகொடுக்கும். லியொனார்டோ டா வின்சி என்றால் வின்சி ஊர்க்காரர்; 'இலிருந்து' என்பது முதல் பொருள். ஆளைத் தேடிப் போனாலும் 'டா'தான். டாக்டரிடம் போவதை 'அல் மேடிகோ' என்று நான் சொன்னபோதெல்லாம் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் அம்மா "டால்!" என்று திருத்துவார். யோசித்தால் நாமும் மருத்துவமனைக்குப் போகிறோம், டாக்டரிடம் போகிறோம். அந்த 'இடம்' உருபுதான் இது: வாடோ டால் மேடிகோ. காலத்துக்கும் அப்படியே. 'ஆபித்தோ அ போலோன்யா டா டூவே ஆன்னி' என்றால் இரண்டு வருஷமாகப் போலோன்யாவில் வசிக்கிறேன். வினை நிகழ்காலம், நம்முடையதைப் போலவே. ஆங்கிலம் வழியாக யோசித்தால்தான் சிக்கல். இன்னொன்று: 'தாட்ஸா டி தே' ஒரு கோப்பை தேநீர், 'தாட்ஸா டா தே' தேநீர் குடிக்கும் கோப்பை, அது காலியாகவும் இருக்கலாம்.

தமிழ் காலைவாரும் இடமும் உண்டு. 'இரண்டு நாளில் வருகிறேன்', 'இரண்டு நாளில் முடித்தேன்' இரண்டிலும் நமக்கு ஒரே 'இல்'. அங்கே முதலாவது 'த்ரா', அதாவது இன்னும் இரண்டு நாள் கழித்து. இரண்டாவது 'இன்', அதாவது வேலை பிடித்த நேரம். 'த்ரா', 'ஃப்ரா' இரண்டும் ஒன்றே. 'த்ரா த்ரே' (த்ரே என்றால் மூன்று) என்று நாக்கு தடுக்கினால் 'ஃப்ரா த்ரே' என்பார்கள்.

டி, அ, டா, இன், சு ('மேல்') ஐந்தும் ஆர்ட்டிக்கிளோடு (ஆங்கில 'the' மாதிரிச் சொல்) ஒட்டிக்கொள்ளும்: டெல், அல், டால், நெல், சுல். சந்தி இலக்கணம் படித்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

வினைகளையும் அதே நோட்டில் உருபோடு எழுதுங்கள். தொடங்குவது 'கொமின்சாரே அ', முடிப்பது 'ஃபினீரே டி'. 'உன்னை நினைக்கிறேன்' என்பதில் நமக்கு 'ஐ'. அவர்களுக்கோ 'பென்ஸோ அ தே'. இதில் நான் இன்னும் தடுமாறுகிறேன்.