இன்டர்வியூவுக்கு உடுத்துவது எப்படி: வட சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

எங்கள் தெருவில் டிப்ளமோ, டிகிரி முடித்துவிட்டு வேலை தேடும் தம்பி தங்கச்சிகள் என்னிடம் வந்து கேட்பதில் பாதி உடுப்பைப் பற்றித்தான். நெட்டில் கிடைக்கிற அறிவுரை எல்லாம் ஏசி காரில் போய் வாசலில் இறங்குகிறவர்களுக்கு எழுதியது. நாம் தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ காலை ஏழு மணிக்குக் கிளம்பி, பஸ், ரயில், மறுபடி ஷேர் ஆட்டோ என்று மாறி, ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் ரோடு) பத்து மணிக்கு உட்கார வேண்டும். கிளம்பும்போது இருந்த சட்டை அங்கே போய்ச் சேரும்போதும் அப்படியே இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். குளிப்பது, ஷேவிங், நகம் வெட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1. வாங்குவது

ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு பேன்ட் போதும். கோட்டு, டை வேண்டாம், அழைப்பிலேயே கேட்டிருந்தால் ஒழிய. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும், ஆனால் சின்னக் கடைகளில் போட்டுப் பார்க்க இடம் இருக்காது. அதனால் உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் பழைய சட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோய், புதுச் சட்டையின் மேல் விரித்துத் தோளுக்குத் தோள் வைத்துப் பாருங்கள். கை சேருகிற தையல் உங்கள் தோள்பட்டை எலும்பின் முனையில் நிற்க வேண்டும். இடுப்பு, பக்கவாட்டு, நீளம் எதை வேண்டுமானாலும் டெய்லர் சரிசெய்து தருவார், தோள் மட்டும் பெரிய வேலை. காலர் பட்டனைப் போட்ட பிறகு கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

நிறம் கேட்டால் வெள்ளைதான் என் முதல் சாய்ஸ். வெளிர் நீலம் பார்க்க அழகு, ஆனால் வியர்த்தால் அக்குளில் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும், வெளிர் சாம்பலும் அப்படித்தான். வெள்ளையிலும் கருநீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது. உள்ளே கைவைத்த பனியன் போடுங்கள், கையில்லாதது அக்குள் வியர்வையைத் தாங்காது. துணி சுத்தக் காட்டன் என்றால் பீச் ஸ்டேஷன் வருவதற்குள் கசங்கிவிடும், முழு பாலிஸ்டர் என்றால் புழுங்கும். இரண்டும் கலந்தது எடுங்கள். பேன்ட் கறுப்பு அல்லது கருநீலம்.

2. முதலில் துவையுங்கள், அப்புறம் ஆல்டர்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கடையில் வாங்கிய கையோடு டெய்லரிடம் கொடுத்து நீளம் குறைத்துவிடுவார்கள். காட்டன் கலந்த துணி முதல் துவைப்பில் சுருங்கும். தைக்கும்போது சரியாக இருந்த பேன்ட், ஒரு தடவை துவைத்ததும் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும், உட்கார்ந்தால் சாக்ஸ் மொத்தமும் தெரியும். கேள்வி கேட்கிற பேனலுக்கு எதிரில் உட்கார்ந்து பேன்ட்டைக் கீழே இழுத்துக்கொண்டே பதில் சொல்ல முடியாது.

ஆகவே வாங்கியதும் ஒரு தடவை தண்ணீரில் துவைத்து நிழலில் காயவைத்து, அப்புறம் டெய்லரிடம் போங்கள். போகும்போது இன்டர்வியூவுக்குப் போடப்போகும் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள், செருப்போடு அளவெடுத்தால் நீளம் தப்பிவிடும். முன்பக்கம் ஷூவின் மேல் லேசாக ஒரே ஒரு மடிப்பு விழ வேண்டும், பின்பக்கம் தரையில் படக் கூடாது. “மிச்சத் துணியை வெட்டாதீங்கண்ணா, ரெண்டு இஞ்ச் உள்ளே மடிச்சு ஹெம்மிங் பண்ணுங்க” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சில இடங்களில் வெட்டிவிட்டு, ஜீன்ஸுக்கு அடிக்கிற மாதிரி வெளியே தெரிய மெஷின் தையல் போட்டுவிடுவார்கள். உள்ளே துணி இருந்தால் பின்னால் எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், தம்பிக்கும் உதவும்.

3. இஸ்திரி

தெருமுனை இஸ்திரி வண்டி அண்ணனை நான் கடையை விட அதிகம் நம்புவேன், கரிப்பெட்டியின் கனத்துக்கு மடிப்பு அப்படி நிற்கும். ஆனால் பாலிஸ்டர் கலந்தது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சூடு அதிகமானால் துணி பளபளவென்று மின்ன ஆரம்பித்துவிடும், அது திரும்பப் போகாது. கறுப்பு பேன்ட்டை உள்பக்கம் திருப்பி அல்லது மேலே ஈரத்துணி போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்தே ஒரு ஹேங்கர் கொண்டுபோய் அதில் மாட்டி வாங்கி வாருங்கள். சூட்டோடு மடித்தால் குறுக்கே கோடு விழும்.

4. ஷூ, பெல்ட்

கறுப்பு ஷூ என்றால் கறுப்பு பெல்ட். சாக்ஸ் பேன்ட்டின் நிறத்தில். பெரியமேட்டில் தோல் ஷூ பார்க்கலாம். புது ஷூவை முதல் தடவையாக அன்றைக்குப் போடாதீர்கள், ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள். பாலிஷ் டப்பாவில் வரும் மெழுகு பாலிஷ்தான் நல்லது.

5. அன்று காலை

கிண்டி, ஆலந்தூர் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், மெட்ரோ. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்த பிறகு திருவொற்றியூரிலிருந்து இறங்கி மாறாமல் போய்விடலாம். டைடல் பார்க் பக்கம் என்றால் பீச்சிலிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர்.

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக வேண்டிய ரூட் என்றால் பழைய டீ-ஷர்ட்டில் கிளம்புங்கள். சட்டையை ஹேங்கரோடு கவரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, கடைசி ஸ்டேஷன் கழிவறையில் மாற்றிக்கொள்ளலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் ஷூவும் பைக்குள்தான். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போக வேண்டிவரும், அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள். போனதும் உள்ளே ஓடாதீர்கள். பத்து நிமிடம் மின்விசிறி உள்ள இடத்தில் உட்கார்ந்து வியர்வை அடங்கட்டும்.

தலைக்கு எண்ணெய் குறைவாக, கழுத்தில் பவுடர் வேண்டாம், இரண்டும் காலரில்தான் வந்து சேரும். விபூதி, குங்குமம் வைப்பவர்கள் தாராளமாக வையுங்கள்.

பிறகு சேர்த்தது

தங்கச்சிகள் சிலர் எங்களுக்கு ஒன்றுமே எழுதவில்லையே என்று கேட்டார்கள், நியாயம்தான். காட்டன் கலந்த சல்வார் போதும், துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தி, பின்னை உள்பக்கமாக மறைத்துவிடுங்கள், ரயில் கூட்டத்தில் இழுபடாது. துப்பட்டா இல்லாத நீளமான குர்தாவும் இப்போது எல்லா ஆபீஸிலும் சகஜம். புடவை தினமும் கட்டிப் பழகியவர்கள் மட்டும் கட்டுங்கள். கையில் சத்தம் போடும் வளையல் வேண்டாம்.

ஐடிஐ முடித்து அம்பத்தூர், மணலி பக்கம் போகிறவர்களுக்கு: மெஷினில் டெஸ்ட் வைக்கலாம். தொளதொள சட்டை, தொங்கும் செயின், மோதிரம், கையில் கயிறு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு, விரல் மூடிய கெட்டியான ஷூவில் போங்கள். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடுங்கள். அங்கே மேற்பார்வையாளர் முதலில் பார்ப்பது இதைத்தான்.