முதல் நாவல்: எதில், எங்கே எழுதுவது என்பதில் நடக்கும் தவறுகள்

முதல் நாவல் எழுதப்போகிறவரிடம் எதில் எழுதுகிறீர்கள் என்று கேட்டால் மூன்று செயலிகளின் பெயர் வரும். எத்தனை அத்தியாயம் ஆயிற்று என்று கேட்டால் பேச்சு மாறும். நானும் அப்படித்தான் இருந்தேன். ஸ்க்ரிவனர் என்ற எழுத்துச் செயலியை நிறுவி, பாத்திரங்களுக்கு ஒரு கோப்புறை, இடங்களுக்கு ஒன்று, குறிப்புகளுக்கு ஒன்று என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிறம் கொடுத்தேன். இரண்டு வாரம் ஓடிவிட்டது. நாயகியின் காலணி அளவுகூட எழுதிவைத்திருந்தேன். அவள்தான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஸ்க்ரிவனர்மேல் குறையில்லை. நூறு காட்சிகளை முன்னும் பின்னும் நகர்த்த அது நல்ல கருவி. ஆனால் நகர்த்துவதற்கு நூறு காட்சி இருக்கவேண்டுமே! முதல் வரைவு நடக்கும்போது எந்தக் கருவியிடமும் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: அடுத்த வரிக்குப் போகவிடுகிறதா, எழுதிய வரிக்கே திரும்ப இழுக்கிறதா?

இழுப்பதில் முதலிடம் பிழைதிருத்தியின் சிவப்புக் கோட்டுக்கு. ‘வந்துகொண்டிருந்தவளிடமிருந்துதான்’ மாதிரி ஒட்டி நீளும் சொல்லைக் கண்டால் அது திணறும். ‘போயிட்டானாம்ல’ என்று பேச்சுவழக்கில் உரையாடல் எழுதினால் பக்கமே சிவந்துவிடும். வரைவு முடியும்வரை அதை அணைத்துவிடுங்கள்.

சொற்கணக்கும் அதே ரகம். 30 நாளில் 50,000 சொல், அதாவது நாளுக்குச் சுமார் 1,667 என்பது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களிடையே பிரபலமான இலக்கு. அங்கே நாலைந்து சொல்லாக விரிவது தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். அந்த எண்ணை அப்படியே தூக்கிவந்து, தினமும் தோற்றதாக நினைத்துச் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. பக்கமாக எண்ணுங்கள், அல்லது காட்சியாக.

எழுத்துரு விஷயத்தில் மட்டும் தொடக்கத்திலேயே கண்டிப்பாக இருக்கவேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் நாற்பது பக்கம் அடித்துவிட்டு, வேறொரு கணினியில் திறந்தேன். ‘அம்மா’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் நடுவே ஓர் அரைப்புள்ளியும் நின்றன. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் சாயம் வெளுத்துவிடும். மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் மாற்றியபின் வரிவரியாகப் பார்த்தாகவேண்டும். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இடம் தரும் யூனிகோடில் எழுதினால் இந்தத் தலைவலியே இல்லை. தமிழ்99 விசைப்பலகை ஆனாலும் ஆங்கில எழுத்தில் அடிக்கும் ஒலிபெயர்ப்பு முறை ஆனாலும் கை பழகியதே போதும். நாவலின் நடுவில் புதிய விசைப்பலகை பழகாதீர்கள்.

கையால் எழுதுவது தவறே இல்லை. எல்லாவற்றையும் எழுதி முடித்தபிறகு தட்டச்சு செய்துகொள்ளலாம் என்று விடுவதுதான் தவறு. நான்கு மாதம் போனால் அவசரத்தில் கிறுக்கியது நமக்கே புரியாது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். முதல் திருத்தம் அதிலேயே பாதி நடந்துவிடும். குரல்வழித் தட்டச்சில் ஒற்று விடுபடும், பத்தி பிரியாது. நடந்துகொண்டே குறிப்பெடுக்க அது போதும்.

அப்புறம், பிரதி. கணினியும் கைபேசியும் ஒரே கோப்பை ஒத்திசைத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம். ஒன்றில் அழித்தது மற்றதிலும் அழியும். வாரம் ஒருமுறை தேதியிட்டுத் தனிப் பிரதி ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, அமைதியான தனியறைக்காகக் காத்திருப்பதில்தான் அதிக காலம் வீணாகிறது. ஓரளவு சத்தம் பழகிவிடும். பழகாதது கைபேசி, அது வேறு அறையில் இருக்கட்டும். இணையத்துக்கும் ஒரு வழி உண்டு. காட்சியின் நடுவில் ஒரு தகவல் தேவைப்பட்டால் தேடப் போகாமல் ‘## கப்பலில் எத்தனை நாள்?’ என்று போட்டுவிட்டு நகருங்கள். பிறகு அந்தக் குறியை மட்டும் தேடினால் எல்லாச் சந்தேகங்களும் வரிசையாக வந்து நிற்கும்.

உட்காரும் நேரத்தை முடிவுசெய்கிறோம், எழுந்திருக்கும் இடத்தை யோசிப்பதில்லை. அத்தியாயத்தை முடித்துவிட்டு எழுந்தால் மறுநாள் வெற்றுப்பக்கம்தான். நேற்று நான் ‘சாவியை எடுத்து நீட்டியவள்’ என்ற அளவில் நிறுத்திவிட்டு எழுந்தேன். இன்று காலை உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.