ஹெட்போனில் சுற்றொலி கேட்பது எப்படி?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ சிறிய வீட்டில் ஐந்தாறு ஒலிபெருக்கிகளை வைக்க இடமில்லாதவரும் சாதாரண ஹெட்போனிலேயே சுற்றொலியை, அதாவது நாற்புறமிருந்தும் வருவதுபோன்ற ஒலியை, கேட்கலாம். வலப்புறம் எழும் ஒலி இடக்காதை ஏறத்தாழ 0.6 மில்லிசெக்கன் பிந்தியும், தலை மறைப்பதால் மங்கியும் அடைகிறது. இவ்வேறுபாடுகளையும் காதுமடல் ஏற்படுத்தும் மாற்றங்களையும் கொண்டே மூளை திசையை உணர்கிறது; மென்பொருள் இவற்றைக் கணித்து ஹெட்போன் ஒலியில் சேர்க்கிறது.

விண்டோஸ் 10 கணினியில் ஒலிபெருக்கிக் குறியை வலச்சொடுக்கி, இடஞ்சார் ஒலி என்னும் தெரிவில், இலவசமாகவே கிடைக்கும் இத்தகைய மென்பொருளான விண்டோஸ் சோனிக்கைத் தேர்ந்தெடுத்து, 5.1 ஒலித்தடமுள்ள (ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் ஒரு தாழொலிபெருக்கிக்கும் தனித்தனி ஒலியுள்ள) படமொன்றை இயக்குங்கள். ஸ்டீரியோப் பாடல்களுக்கு இதை நிறுத்திவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஹெட்போனுக்குரிய செயலியிலும் இவ்வசதி இருந்தால், இரண்டையும் சேர்த்து இயக்க வேண்டாம், ஒலி குழம்பிவிடும். பின்னாலிருந்து வரவேண்டிய ஒலி முன்னால் கேட்டால் அது பழுதன்று: காதுமடலின் வடிவம் ஆளுக்காள் வேறுபடுவதால், பொதுவான கணிப்பு எல்லோருக்கும் பொருந்துவதில்லை.