ஹெஃபெல்ஃபிங்கரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

தொடக்ககால அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரின் வாழ்க்கையை எழுத முற்படுவோர், புகழுரைகளை ஒதுக்கிவிட்டுக் கணக்கேடுகளைத் தேடிப் படிக்க வேண்டும். 1867இல் மினியாபொலிஸில் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, 1889 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள், சிறந்த கல்லூரி வீரர்களின் பட்டியலான அகில அமெரிக்க அணியில் இடம்பெற்ற வில்லியம் ஹெஃபெல்ஃபிங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1892 நவம்பர் 12 அன்று பிட்ஸ்பர்க் அணிக்கு எதிராக ஆடியதற்கு அலெகெனி தடகளச் சங்கம் அவருக்கு 500 டாலர் கொடுத்ததை அச்சங்கத்தின் செலவுக் கணக்கே சொல்கிறது. 1954இல் அவர் மறைந்த பின்னரே வெளிவந்த இந்த ஆவணத்தால்தான் அவர் இந்த ஆட்டத்தின் முதல் தொழில்முறை வீரராக, அதாவது பணம் பெற்று ஆடிய முதல் வீரராகக் கருதப்படுகிறார். தொகையை மட்டும் எழுதி நிறுத்தாமல் ஆட்டத்தையும் விவரியுங்கள்: பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்த அவருடைய டச்டவுனுக்கு அன்றைய விதிப்படி 4 புள்ளிகள் கிடைக்க, அலெகெனி 4-0 என வென்றது.

பயிற்சியாளராக இருந்த காலத்தைச் சுருக்கமாகக் கூறலாம். ஆனால் ஊர் திரும்பிக் குடும்பத்தின் காலணித் தொழிலில் ஈடுபட்டதையும், பின்னர் ஹென்னபின் மாவட்ட ஆணையராக நெடுங்காலம் பணியாற்றியதையும் பின்குறிப்பாகச் சுருக்குவது அவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். வாழ்க்கையின் இந்தப் பகுதியை எழுத மினியாபொலிஸின் பழைய நாளிதழ்களையும் மாவட்டப் பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் படித்து, இரண்டிலும் ஒத்துவரும் செய்திகளை மட்டும் உறுதியாக எழுதுங்கள்.